புவிநிலைச் செயற்கைக்கோள் நோக்கல்

புவிநிலைச் செயற்கைக்கோள் நோக்கல் என்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து கண்டு, அவை எவை என அடையாளம் காணுதல் ஆகும். இவை புவி தன்னைத்தானே சுற்றும் அதே காலத்தில், அதாவது 23 மணி 56 நிமிடத்தில், ஒரு சுற்றை முடிக்கின்றன. எனவே வானில் ஒரே இடத்தில் நிற்பனபோல் தோன்றுகின்றன. 1964 இல் ஏவப்பட்ட சின்கொம் 3 இவ்வகையில் முதலாவதாகும்.

தோற்றம்

இவற்றுள் பெரும்பாலானவை மிகவும் மங்கலானவை. தொலைநோக்கியின்றிக் காண இயலாது. வட அரைக்கோளத்தில் மார்ச் சம இரவு நாளுக்குச் சற்று முன்னரும், செப்டம்பர் சம இரவு நாளுக்குச் சற்றுப் பின்னரும் சூரிய ஒளியை நோக்குநரை நோக்கித் தெறிப்பதால் சில செயற்கைக்கோள்கள் சிறிது நேரம் மிகப் பொலிவாகத் தெரிவதுண்டு. சம இரவு நாட்களை ஒட்டிய வாரங்களில் இவை புவியின் நிழலுள் புகுந்து, நாள்தோறும் அதிகபட்சம் 70 நிமிடங்கள் வரை மறைகின்றன.

நோக்கும் முறை

அசையாத முக்காலியில் ஒளிப்படக்கருவியைப் பொருத்தி ஒரு நிமிடம் படமெடுத்தால், விண்மீன்கள் முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதி நீளமுள்ள கோடுகளாகப் பதியும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் புள்ளிகளாகவே நிற்கும். அண்மையில் இருப்பதால் இவை வான்நடுக்கோட்டின் மீது அமையாமல், நேர் தெற்கில் உள்ளவை சென்னையிலிருந்து ஏறத்தாழ 2 பாகையும் இலண்டனிலிருந்து ஏறத்தாழ 7 பாகையும் தெற்கே விலகித் தோன்றும்.

அடையாளம் காணல்

படத்திலுள்ள விண்மீன்களைக் கொண்டு புள்ளியின் இடம் கணிக்கப்படுகிறது. பின்னர் நோக்கிய நேரம், நோக்கிய இடம் ஆகியவற்றுடன் சேர்த்து, வெளியிடப்பட்ட சுற்றுப்பாதைத் தரவுகளோடு ஒப்பிடப்படுகிறது. ஒரே நெட்டாங்கில் பல செயற்கைக்கோள்கள் நிறுத்தப்படுவதால் குழப்பம் ஏற்படலாம். கிழக்கு 19.2 பாகையில் உள்ள அஸ்ட்ரா தொகுதி இதற்கு எடுத்துக்காட்டாகும். வடக்கு-தெற்குத் திருத்தம் நிறுத்தப்பட்ட பழைய செயற்கைக்கோள்கள் நாள்தோறும் எட்டு வடிவில் அலைவதால் அவற்றைப் பிரித்தறியலாம்.

பான் செயற்கைக்கோள்

இராணுவ இரகசியச் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைத் தரவுகளை ஐக்கிய அமெரிக்கா வெளியிடுவதில்லை. 2009 செப்டம்பரில் ஏவப்பட்ட பான் எந்த அரசு அமைப்புக்கு உரியது என்பது அறிவிக்கப்படவில்லை. அது பிற நாட்டுத் தொடர்பாடல் செயற்கைக்கோள்களின் அருகே அடுத்தடுத்து இடம் மாறி நிற்பதைத் தன்னார்வ நோக்குநர்கள் பதிவு செய்தனர். அச்செயற்கைக்கோள்களின் தொடர்பாடலை ஒட்டுக்கேட்பதே அதன் பணி என்பதை எட்வர்டு சுனோடன் வழியாகக் கசிந்து 2016 இல் வெளியான ஆவணங்கள் காட்டின.