சவேரியார் கழுத்தில் தொங்கிய சிமிழ்



யூபிலியை முன்னிட்டுக் கோயில் மண்டபத்தில் ஒரு சிறு கண்காட்சி வைக்க இருப்பதாகவும், பழைய நினைவுப் பொருட்களை வைத்திருப்போர் கொண்டு வந்து தருமாறும் ஞாயிறு பூசை முடிவில் நாம் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாம் எதிர்பார்த்தவை பழைய புகைப்படங்களும் ஞானஸ்நானச் சீட்டுகளுமே. வந்து சேர்ந்தவையோ வேறு. புதுநன்மை வாங்கிய நாளில் தலையில் வைத்த துணிப்பூ முடி. மணிகள் உதிர்ந்து நூலால் முடிச்சிட்ட செபமாலை. ஆவடித் தொழிற்சாலைக்குத் தகப்பனார் நாள்தோறும் தூக்கிச் சென்ற அடுக்கு டிபன் கேரியர். இறந்துபோன குழந்தையின் ஒற்றைக் கொலுசு. கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒன்றையே சொன்னார்கள்: "விலை போகாத சாமான்தான் சாமி. ஆனா பத்திரமா திருப்பித் தந்துடுங்க."

அவர்களுள் ஒரு தாய் மட்டும் வெறுங்கையோடு வந்தார். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் பெருமழையில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது, அவர் அரிசியையும் ரேஷன் கார்டையும் பரண்மேல் ஏற்றினார். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை மறந்துவிட்டார். காலஞ்சென்ற கணவர் வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் எழுதிய கடிதங்களும், கலியாணப் படமும் அதில் இருந்தன. தண்ணீர் வடிந்தபின் கையில் எடுத்தால் எல்லாம் கூழ்.

"இத்தனை வருசமா என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன் சாமி. அந்த மனுசன் கையெழுத்தைக்கூடக் காப்பாத்தத் துப்பில்லாதவளாப் போயிட்டேன். காகிதத்துக்குப் போய் அழுவுறது பாவமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது ஒரு கேள்வியல்ல, இரண்டு. அன்பின் நினைவாக ஒரு பொருளைப் பேணுவது விசுவாசிக்குத் தகுமா என்பது ஒன்று. தவறிய நம்மை நாமே எவ்வாறு நடத்த வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் திருச்சபையின் வரலாற்றிலும் நம் ஊர் மண்ணிலும் விடை உண்டு. அதை யூபிலி மலரின் வழியாக எல்லோர்க்கும் சொல்ல விழைகிறோம்.

நாம் செய்த பிழை

முதலில் எம் பிழையை ஒப்புக்கொள்வது முறை. நாம் இளங்குருமடத்தில் பயின்ற நாளில் எம் தாயார் மாதம் ஓர் இன்லண்ட் கடிதம் எழுதுவார். அதிகம் படித்தவர் அல்லர். ஆடு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் ஊறியது, நேரத்துக்குச் சாப்பிடு என்பது, இவைதாம் செய்தி. ஒரு தியானத்தில் பற்றறுத்தலைப் பற்றிய உரையைக் கேட்ட நாம், அன்று மாலையே அக்கடிதங்கள் அனைத்தையும் எடுத்துச் சென்று அடுப்பில் இட்டோம். எரிக்கும்படி யாரும் சொல்லவில்லை. அதுவே துறவு என்று நாமாக எண்ணிக்கொண்டோம். தாயார் மறைந்தபின் தேடிப் பார்த்ததில் அவர் கைப்பட எழுதிய ஒரு வரிகூட எம்மிடம் இல்லை. அன்று தொடங்கிப் பல காலம் அந்தச் சிறுவனை நாம் மன்னிக்கவில்லை.

பின்னாளில் புனித சவேரியாரின் வரலாற்றை ஊன்றிப் படித்தபோதுதான், நாம் துறவு என்று எண்ணியது துறவன்று என விளங்கிற்று.

மயிலாப்பூர் வந்த விருந்தினர்

சவேரியார் 1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். அன்று அவருக்கு முப்பத்தைந்து வயது நிறைந்தது. போர்த்துக்கல் மன்னர் பணியாளரையும் வசதிகளையும் தர முன்வந்தும், சில நூல்களும் குளிருக்கு ஓர் அங்கியும் போதும் என்று மறுத்தவர் அவர். 1542 மே 6-இல் கோவா சேர்ந்து, அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவ மக்களிடையே உழைத்தார். 1545-இல் மயிலாப்பூருக்கு வந்து அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறையருகே ஏறத்தாழ நான்கு மாதம் தங்கினார். அடுத்து எங்கே செல்வது என்று தெளியாமல் மன்றாடிய மாதங்கள் அவை. நம் ஊரிலிருந்து அவ்விடம் ஒரு நாள் நடைதான்.

மயிலாப்பூரிலிருந்து மலாக்காவுக்கும், அங்கிருந்து மொலுக்கஸ் தீவுகளுக்கும் போனார். 1546 மே 10-ஆம் நாள் அம்போய்னா தீவிலிருந்து உரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. தோழர்கள் எழுதிய கடிதங்களில் அவரவர் கைப்பட இட்ட பெயர்களை அவர் வெட்டி எடுத்தாராம். தாம் கொடுத்த வார்த்தைப்பாட்டின் ஏட்டோடு அவற்றைச் சேர்த்து எப்பொழுதும் தம்முடனே வைத்திருந்தாராம். அதனால் தமக்கு மிகுந்த ஆறுதல் உண்டாவதாகவும் எழுதுகிறார்.

அந்நாளில் உரோமையிலிருந்து ஒரு கடிதம் கீழ்த்திசைக்கு வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். கப்பல் கவிழ்ந்தால் வராமலே போகும். 1552 சனவரியில் புனித இஞ்ஞாசியாருக்கு அவர் விடுத்த மடலில், இஞ்ஞாசியார் தம்மை ஒருபோதும் மறக்க இயலாதென்று எழுதி முடித்திருந்ததைக் கண்ணீரோடு படித்ததாகவும், கண்ணீரோடே பதில் எழுதுவதாகவும் குறிப்பிடுகிறார். அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையை அடுத்த சான்சியான் தீவில் உயிர்நீத்தார். அவர் மார்பில் ஒரு சிறு சிமிழ் இருந்ததாகவும், அதனுள் இஞ்ஞாசியாரின் கையெழுத்தும், வார்த்தைப்பாட்டின் ஏடும், தோமையாரின் திருப்பண்டத் துணுக்கொன்றும் இருந்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

நாடு, உறவு, உடைமை யாவும் துறந்தவர் நண்பர்களின் கையெழுத்தைத் துறக்கவில்லை. பொருளாசை வேறு, அன்பின் நினைவு வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். பொருளாசை கொண்டவன் இன்னும் வேண்டும் என்பான். நினைவுப் பொருளைப் பேணுகிறவனோ, எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நன்றி சொல்கிறான்.

இது சவேரியார் தொடங்கி வைத்த வழக்கமும் அன்று. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகர் ஆயர் பொலிக்கார்ப்பு தீயிலிடப்பட்டு வேதசாட்சியாக மரித்தபோது, அவருடைய எலும்புகளை மக்கள் மணிகளினும் மேலாக மதித்து எடுத்து வைத்தனர். திருப்பண்ட வணக்கம் இவ்வாறு வளர்ந்ததே. அதில் மூடநம்பிக்கையும் பண ஆசையும் புகலாகாது என்று 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் எச்சரித்தது. பொருளுக்குத் தனியே ஆற்றல் இல்லை. அது யாரை நினைவூட்டுகிறதோ அவரால்தான் அதற்கு மதிப்பு.

நம் ஊரின் பூசலார்

நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் தமிழகத்தில் பலருக்கும் நினைவு வருபவர் பூசலார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றைப் பாடினார். சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பிய அந்த ஏழைக்குப் பொருள் கிட்டவில்லை. ஆகவே மனத்துள்ளேயே அடித்தளமிட்டு, நாள் தவறாமல் கல்லின்மேல் கல் அடுக்கி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அன்று நின்றவூரில் அன்பன் ஒருவன் எடுத்த கோயிலுக்குச் செல்வதாகச் சொன்னார் என்பது வரலாறு. மன்னன் இங்கு வந்து தேடியும் கட்டடம் ஒன்றையும் காணவில்லை. நம் ஊரின் இருதயாலீசுவரர் கோயில் அந்நினைவைத் தாங்கி நிற்கிறது.

இது நம் அயலாரின் சமய மரபு. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் உரைத்தது. அந்த மதிப்போடு நாம் இதைக் கேட்கலாம். நம் நற்செய்தியாளர் லூக்காவும், பெத்லகேமில் நடந்த யாவற்றையும் அன்னை மரியா உள்ளத்தில் பேணி வந்ததாகக் குறிக்கிறார் அல்லவா? பொருள் உள்ளவர் பொருளில் பேணலாம். பொருளை இழந்தவரும், தொடக்கத்திலேயே இல்லாதவரும் உள்ளத்தில் பேணலாம். வெள்ளம் தகரப் பெட்டிக்குள் புகும். நெஞ்சில் எழுப்பிய வீட்டுக்குள் புகுவதில்லை.

சலேசியாரின் சாந்தம்

இனி இரண்டாம் கேள்வி. சவேரியார் 1622 மார்ச்சில் புனிதராக உயர்த்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பிரான்சு நாட்டில் மற்றொரு புனிதர் கண்மூடினார். அவரே ஜெனீவா ஆயர் பிரான்சிஸ்கு சலேசியார். தன்னிடமே சாந்தமாயிருப்பதை ஒரு புண்ணியமாகவே போதித்தவர் அவர்.

அவர் அதைத் தம் துன்பத்தில் கற்றார். பாரீஸ் நகரில் மாணவராயிருந்தபோது, பத்தொன்பது வயதளவில், தாம் நரகத்துக்கே குறிக்கப்பட்டவர் என்ற எண்ணம் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ ஆறு வாரம் உணவும் உறக்கமும் கெட்டு உடல் நலிந்தார். ஒரு நாள் ஆலயத்தில் தேவதாயின் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு, தம்மை முற்றும் இறைவனிடம் ஒப்படைத்தபோதுதான் அச்சுமை இறங்கிற்று.

1609-இல் இல்லறத்தாருக்காக அவர் வெளியிட்ட பக்தி வாழ்வுக்கு வழிகாட்டும் நூலில், மூன்றாம் பகுதியின் ஒன்பதாம் அதிகாரம் முழுவதும் இப்பொருளைப் பற்றியதே. கோபப்பட்டுவிட்டோமே என்று தன்மேல் கோபப்படுகிறவன், ஒரு குற்றத்தை இரண்டாக்குகிறான் என்பது அவர் கருத்து. தன் குறையைக் கண்டு சீறுவது தாழ்ச்சி போலத் தோன்றும். ஆராய்ந்தால், நானா இப்படிச் செய்தேன் என்ற தற்பெருமையே அதன் வேர். தகப்பன் அமைதியாய்த் திருத்தினால் பிள்ளை திருந்தும். கூச்சலிட்டால் அஞ்சி ஒளியும். நம் இதயமும் அத்தகைய பிள்ளை. விழுந்த இதயத்தை இரக்கத்தோடு தூக்கி நிறுத்தி, மறுபடி நடக்கச் சொல்ல வேண்டும் என்கிறார். குற்றத்துக்கு மனம் வருந்த வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மனஸ்தாபம் நம்மை எழுப்பும். தன்னைத் தானே வதைப்பதோ விழுந்த இடத்திலேயே கிடத்திவிடும்.

இவர் பெயரைத் தாங்கியே தொன்போஸ்கோ 1859-இல் சலேசிய சபையை நிறுவினார். 1952-இல் உருவான நம் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் முதற்பேராயர் லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை அச்சபையைச் சேர்ந்தவரே. ஆகையால் சலேசியாரின் சாந்தம் நமக்கு அந்நியம் அன்று.

இதே சாந்தத்தைச் சிறுமலர் தெரசம்மாளிடமும் காண்கிறோம். செபவேளையில் தூங்கிப்போவது அவருக்கு வழக்கம். அதற்காக அவர் மனமுடையவில்லை. விழித்திருக்கும் குழந்தையைப் போலவே தூங்கும் குழந்தையையும் பெற்றோர் நேசிக்கின்றனர் என்று எண்ணி அமைதி கொண்டார். உலகமெல்லாம் கடலில் அலைந்த சவேரியாரையும், மடத்தை விட்டு அகலாத இந்த இளங்கன்னியையும் 1927-இல் திருச்சபை வேதபோதக நாடுகளின் பாதுகாவலராக ஒருங்கே அறிவித்தது.

நம் இல்லங்களில்

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை நம் ஊர் வழியே செல்கிறது. அந்தத் தடத்தில்தான் உங்களில் பலர் விடியுமுன் மின்ரயில் ஏறி ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போகிறீர்கள். இரவு ஷிப்டு முடிந்து வந்து செபமாலையின் மூன்றாம் காரணிக்கத்தில் கண் அயர்ந்துவிட்டதாக வந்து அழுகிறவர்கள் உண்டு. எல்லோர்க்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியதைத் தின்றுவிட்டு, உடம்பு சுட்டாலும் சொல்லாத தாய்மார் உண்டு. பிள்ளை தேர்வில் தவறியதற்குத் தம்மையே நொந்துகொள்ளும் தகப்பன்மாரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். அடுத்த வீட்டுக்காரர் அந்நிலையில் வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லுங்கள். பிறரை நேசிக்கும் கட்டளைக்கு, நாம் நம்மீது கொள்ளும் அன்பையே ஆண்டவர் அளவுகோலாக வைத்தார். அளவுகோல் உடைந்திருந்தால் அளப்பதெல்லாம் பிழையாகும்.

போகிக்குப் பழையதைக் கழிக்கும்போது ஒரு கணம் நின்று பாருங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை. சவேரியாரும் கடிதங்களை முழுதும் சுமக்கவில்லை. பெயர்களை மட்டும் வெட்டிக்கொண்டார். ஒன்றிரண்டை எடுத்து வையுங்கள். படத்தின் பின்புறம் அதில் இருப்பவர் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். அது யாருடையது, எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய சாமான்.

அந்தத் தாயிடம், அழுவது பாவமன்று என்றோம். வெள்ளம் ஏறிய இரவில் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமென்று அரிசியைத் தூக்கியதும் அன்புதான், அதற்காக உங்களையே திட்டாதீர்கள் அம்மா என்றோம். அதைச் சொன்னபோது, அடுப்படியில் நின்ற அந்தக் குருமடச் சிறுவனுக்கும் சேர்த்தே சொல்வதாக எமக்குத் தோன்றிற்று. பிறகு, கடிதங்களில் நினைவிருப்பதைச் சொல்லுமாறு கேட்டு, அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினோம். நிறைய நினைவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும், "கால் வலி தேவலையா?" என்று கேட்டிருப்பாராம்.

அந்தத் தாள் கண்காட்சி மேசையில் டிபன் கேரியருக்கும் கொலுசுக்கும் நடுவில் இருக்கும். வந்து பாருங்கள். பார்த்தபின் வீட்டுக்குப் போய் உங்கள் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

உங்கள் இல்லங்களையும், அவற்றில் நீங்கள் பேணுகிற யாவற்றையும், இழந்துவிட்டோமே என்று ஏங்குகிற யாவற்றையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் என்றும் உங்கள்,
பங்குத் தந்தை