கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் நாட்டு வடிவங்கள்

கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் திறந்த உரிமங்களை ஒவ்வொரு நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்கும் ஏற்பத் திருத்தி எழுதியவை நாட்டு வடிவங்கள். 2002 டிசம்பரில் வெளிவந்த முதல் உரிமங்கள் அமெரிக்கச் சட்டத்தை அடியொற்றியவை. பதிப்புரிமையோ நாட்டுக்கு நாடு வேறுபடுவது. எனவே 2004 முதல் ஜப்பான், பிரேசில் என ஐம்பதுக்கும் மேற்பட்ட சட்ட எல்லைகளுக்குத் தனி வடிவங்கள் உருவாயின. ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே ஸ்காட்லாந்துக்கு என்று தனி வடிவம் இருந்தது.

இந்தப் பணியை வெறும் மொழிபெயர்ப்பு என்று கொள்வது தவறு. உள்ளூர் வழக்கறிஞர்கள் உரிமத்தைத் தம் சட்டச் சொற்களில் எழுதி, எங்கே ஏன் மாற்றினார்கள் என்பதை ஆங்கிலத்தில் விளக்க வேண்டியிருந்தது.

மிகக் கடினமான இடம் படைப்பாளியின் தார்மீக உரிமை. அமெரிக்காவில் அது சில காட்சிக் கலைப் படைப்புகளுக்கே உண்டு. பிரான்சில் அதை எழுதிக் கொடுத்தும் கைமாற்ற முடியாது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, தன் நற்பெயர் கெடும்படி படைப்பைச் சிதைப்பவர்மீது வழக்குத் தொடுக்கப் படைப்பாளிக்கு வழிசெய்கிறது. சிற்பி அமர்நாத் சேகல், விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தம் சுவர்ச்சிற்பத்துக்காக 2005இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றது இந்த உரிமையால்தான். அப்படியானால் 'மாற்றியமைக்கலாம்' என்று உரிமம் தரும் அனுமதி எதுவரை செல்லும்? 3.0 பதிப்பின் பொது உரை இதற்காக ஜப்பானைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது: எந்த மாற்றமும் சிதைப்பாகக் கருதப்படக்கூடிய அத்தகைய நாடுகளில், உரிமம் வழங்குபவர் அந்த உரிமையை வலியுறுத்த மாட்டார் என்றது.

இந்திய வடிவம் (2.5) 2007 ஜனவரி 26 அன்று மும்பை ஐ.ஐ.டி.யில் வெளியிடப்பட்டது. காலம் குறிக்காத உரிமம் ஐந்தாண்டுக்கும், எல்லை குறிக்காதது இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும் என்பது இந்தியச் சட்டம். ஆகவே உரிமத்தில் உள்ள 'உலகளாவிய' என்ற சொல்லுக்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதும் செல்லும் என்ற வாசகத்துக்கும் இங்கே தனி எடை உண்டு.

ஐரோப்பாவின் சிக்கல் வேறு. 1996ஆம் ஆண்டு நெறியாணை தரவுத்தளங்களுக்குத் தனி உரிமை தந்தது. அமெரிக்காவில் அப்படி ஒன்று இல்லை.

வடிவங்கள் பெருகப் பெருக, ஒரே பெயருள்ள உரிமங்கள் நாட்டுக்கு நாடு நுணுக்கமாக வேறுபட்டன. பகிர்ந்து பயன்படுத்துவோருக்கு அது சுமை. 2013 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு இதைக் கைவிட்டது. எல்லா நாட்டுக்கும் ஒரே உரை. தரவுத்தள உரிமையும் அதற்குள் அடக்கம். நாட்டு வடிவங்களின் இடத்தில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்புகள் வந்தன. குனூ பொது உரிமத்தை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இன்றும் ஆங்கில உரையை மட்டுமே செல்லத்தக்கதாகக் கொள்வதோடு இதை ஒப்பிடலாம்.

பழைய நாட்டு வடிவங்கள் செல்லாதவை ஆகிவிடவில்லை. அவற்றின்கீழ் வெளியான படைப்புகளை அந்தந்த உரையே இன்றும் ஆள்கிறது.