வேப்பமரத்துத் தூளி

அப்பல்லாம் எங்க ஆவூர்ல நடவுன்னா, வரப்போர வேப்பமரத்துல நாலஞ்சு தூளி ஆடும். பிள்ளைங்களுக்குக் காவல் எங்க அப்பத்தா. நானும் அந்தத் தூளியில வளந்தவன்தான். சாயங்காலம் நடவுப் பொம்பளைங்க தங்க கூலி நெல்லுல ஆளுக்கு ஒரு கை அள்ளி அப்பத்தா மடியில போடுவாங்க. நிலத்துக்காரர் கூலிக் கணக்குல அப்பத்தா பேரே இருக்காது.

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் இதுக்கு ஒரு வழி செஞ்சது. வேலை நடக்குற இடத்துல ஆறு வயசுக்குக் கீழ அஞ்சு பிள்ளைகளோ கூடவோ இருந்தா, பார்த்துக்க ஒரு பெண்ணை வைக்கணும்னு அந்தச் சட்டம் சொன்னுச்சு. அவருக்கும் கூலி இருந்துச்சு. 2008 ஏப்ரல்ல நாட்டுல எல்லாக் கிராமப்புற மாவட்டங்களுக்கும் இது வந்துச்சு. அதைப் பார்க்க அப்பத்தா இல்லை.

உங்க பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கிறாங்களா? அவங்க மடியில என்ன போடுறீங்கன்னு ஒருதரம் யோசிங்க.