இயங்கும் உட்கருவைக் கண்காணித்த வரலாறு

1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே எட்சாக் என்னும் கணினி தன் முதற் செய்நிரலை நிறைவேற்றியது. அதனை அமைத்தோர்க்குத் தலைவராயிருந்த மொறிஸ் வில்க்ஸ் என்பார், பல்லாண்டுகளின் பின் 1985இல் வெளியிட்ட தம் நினைவு நூலிலே, அக்காலத்து அனுபவமொன்றைக் குறித்துள்ளார். பொறியிருந்த அறைக்கும் நாடாவிற் துளையிடுங் கருவியிருந்த இடத்துக்குமிடையே படிகளில் நடந்த ஒரு பொழுதிலே, தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தாமெழுதிய செய்நிரல்களிலே தாமே பிழைதேடுவதிற் கழியப்போகின்றது என்னும் உண்மை அவருக்குப் புலப்பட்டதாம். நம் இலக்கண நூலார் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று வகுத்தனர். கணினிப் பிழையையும் இன்று வழுவென்றே வழங்குகின்றோம், அது பொருத்தமே. ஆயின், பொறிக்கு வழுவமைதி என்பதொன்று இல்லை.

வழுவைக் காண்பதற்கு அன்று இரு வழிகள் இருந்தன. செய்நிரல் நின்றபின் நினைவகத்தில் எஞ்சியவற்றை அச்சிட்டு ஆராய்தல் ஒன்று. பிணத்தை அறுத்து நோயறிதலோடு அதனை ஒப்பிட்டு ஆங்கிலத்தார் பெயரிட்டனர். மற்றையது, செய்நிரல் இயங்கும்போதே அதன் வழியைத் தொடர்ந்து செல்லுதல். இவ்விரண்டாம் வழியை முறைப்பட ஆராய்ந்தவர் வில்க்ஸின் குழுவைச் சேர்ந்த ஸ்ரான்லி கில் ஆவர். எட்சாக்கின் செய்நிரல்களிற் பிழையறிதல் பற்றி அவரெழுதிய கட்டுரை 1951இல் றோயற் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அவரமைத்த சோதனை நிரல், ஆராயப்படுஞ் செய்நிரலின் அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, தானே அவற்றை நிறைவேற்றி, ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தைத் தாளில் அச்சிட்டுச் சென்றது. அச்செழுத்துக்களை வரிசையாய்ப் படிப்பவர், செய்நிரல் சென்ற பாதையையும் அது வழிதவறிய இடத்தையும் அறிந்தனர். ஆனால், பொறி தானாக இயங்குங்கால் இருக்கும் வேகம் இதன்கண் இல்லை. கண்காணிப்பவர் பொறுமையுடையராயின் எட்சாக்கில் அது பெருங்குறையன்று.

அதே குழுவினரான டேவிட் வீலர் செய்த வேறொன்றும் இவ்விடத்திற் குறிக்கத்தக்கது. பலவிடத்திற் பயன்படும் துணைச்செய்நிரலொன்றை அழைத்துவிட்டு, அழைத்த இடத்துக்கே மீள்வது எவ்வாறு? துணைச்செய்நிரலின் இறுதியில் மீளும் அறிவுறுத்தலை அச்செய்நிரலே தொடக்கத்தில் எழுதிக்கொள்ளுமாறு வீலர் அமைத்தார். அறிவுறுத்தலும் தரவும் ஒரே நினைவகத்தில் ஒரே வடிவில் உறைவதனாலேயே இது கூடிற்று. ஓடுஞ் செய்நிரல் தன் வாசகத்தைத் தானே திருத்தலாம் என்னும் இவ்வுண்மையை வாசகர் மனத்திற் கொள்க. பின்வருவன யாவும் இதன்மேல் எழுந்தவையே.

இனி, உட்கரு என்பது யாதெனக் கூறுதல் வேண்டும். கணினியிலே பயனாளரின் செய்நிரல்களுக்கும் வன்பொருளுக்குமிடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புக்களைக் காத்து, ஒவ்வொரு செய்நிரலுக்கும் முறை வகுத்துக் கொடுப்பது பணிசெயல் முறைமை. அதன் நடுவணாய் எல்லா உரிமையுமுடையதாய் இருக்கும் பகுதியே கேர்னல். வித்தினுட் பருப்பு என்பது அச்சொல்லின் பொருளாதலின் அதனை ஈண்டு உட்கரு என்கின்றோம். இன்றைய உட்கருவொன்றிலே சார்புகள் எனப்படும் துணைச்செய்நிரல்கள் பல பதினாயிரம் உள. ஒன்று மற்றொன்றை அழைக்க, அது பிறிதொன்றை அழைக்க, ஒரு விநாடியுள் எண்ணிறந்த அழைப்புக்கள் நிகழ்கின்றன. பயனாளரின் செய்நிரலிற் பிழைநேரின் அதனை நிறுத்தி ஆராயலாம். நிறுத்துவதற்கு உட்கரு இருக்கின்றது. உட்கருவை நிறுத்தினாலோ கணினியே நின்றுவிடும். கில் செய்தவாறு ஒவ்வொரு அறிவுறுத்தலையும் வேறொரு நிரல் தாங்கி நடத்துவதாயின், வலையமைப்பும் வட்டும் அதற்காகக் காத்திரா. ஓடுகின்ற உட்கருவை ஓடவிட்டே காணல் வேண்டும். கண்டதனால் அதன் ஓட்டம் மாறுதலும் ஆகாது.

1982இல் கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஜிபுறொவ் என்னுங் கருவி ஒரு வழியைத் திறந்தது. மூலநிரலைப் பொறிமொழிக்கு மாற்றுந் தொகுப்பானே ஒவ்வொரு சார்பின் தொடக்கத்திலும் எம்கவுண்ட் என்னும் சிறு சார்பொன்றுக்கு அழைப்பைச் சேர்த்துவிடும். எச்சார்பை எச்சார்பு அழைத்தது என்பதை அந்த எம்கவுண்ட் குறித்துக்கொள்ளும். அக்குழுவினர் தம் யுனிக்ஸ் உட்கருவை விரைவுபடுத்துதற்கும் இக்கருவியைக் கையாண்டனர். ஆயின், காணவேண்டிய தேவை இல்லாதபொழுதும் அவ்வழைப்பு அங்கேயே இருந்தது. வாயிற்காவலன் உறங்கினும் அவனுக்குச் சம்பளங் கொடுத்தல் போன்றது இது.

தேவைப்பட்டபோது மட்டும் வாசகத்தைத் திருத்துவது என்னும் எண்ணம் அடுத்து வந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஆரியல் ராம்ச்செஸ், பார்ட்டன் மில்லர் என்போர், ஓடிக்கொண்டிருக்கும் சொலாறிஸ் உட்கருவின் அறிவுறுத்தல்களையே மாற்றி அளவெடுக்கும் முறையை 1999இல் வெளியிட்டனர். சன் நிறுவனத்துப் பிறயன் கன்றில், மைக் சப்பிறோ, அடம் லெவென்தால் என்னும் மூவர் ஆக்கிய டீறேஸ் 2004இல் அறிஞர்முன் வைக்கப்பட்டு, 2005இல் சொலாறிஸ் 10உடன் வெளிவந்தது. அதன் பெருமை இரண்டு. காணாதபொழுது சிறு செலவும் இல்லை; காண்பவர் எழுதுங் கட்டளை உட்கருவைக் கெடுக்காதவாறு சுழற்கட்டளைகளையே அம்மொழி விலக்கியது. பலர் ஒருங்கே பயன்படுத்திய பெரும்பொறியொன்று காரணமின்றித் தளர்ந்தபோது, சிலருடைய திரைகளில் ஓடிய பங்குவிலைப் பட்டியலொன்றே அதற்குக் காரணமென டீறேஸின் துணையாற் கண்டதனை அம்மூவருமே எழுதியுள்ளனர். உட்கருவின் ஆழத்திலே தெரிந்த நோய்க்கு மூலம் இவ்வாறு மேற்பரப்பில் இருந்தது.

லினக்ஸ் உட்கருவிலே கேபுறோப்ஸ் என்னும் கருவி 2004ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றிருந்தது. எனினும், எல்லாச் சார்புகளையும் ஒருங்கே தொடரும் கருவி எவ்றேஸ் ஆகும். அதன் முதன்மை ஆசிரியர் ஸ்ரீவன் றொஸ்ரெட். அவர் பழைய எம்கவுண்டையே எடுத்துக்கொண்டார். ஆனால், ஒவ்வொரு சார்பும் எம்கவுண்டை அழைத்து வெறுமனே மீள்வதற்கே ஏறத்தாழ 13 வீத வேகம் இழக்கப்பட்டது. இவ்விழப்பை எவரும் ஏற்கார். ஆகவே, அழைப்பு இருந்த இடத்திலே யாதொன்றுஞ் செய்யாத வெற்று அறிவுறுத்தலை எழுதிவிடுவதென அவர் துணிந்தார். காணவேண்டியபோது வெற்றிடம் மீண்டும் அழைப்பாகும். இன்ரெல் வகைப் பொறிகளிலே அவ்வழைப்பு 5 பைட் நீளமுடையது.

அழைப்புக்கள் எவ்விடங்களில் உள்ளன என்பதை உட்கரு எங்ஙனம் அறியும்? இவ்வினாவுக்குக் கூறப்பட்ட முதல் விடையிலேதான் கேடு கிடந்தது. சார்பொன்று முதன்முறை எம்கவுண்டை அழைக்கும்போது அதன் முகவரி ஒரு பட்டியலிற் குறிக்கப்பட்டது. விநாடிக்கொருமுறை விழிக்கும் ஏவலனொருவன் பொறியைக் கணப்பொழுது நிறுத்தி, பட்டியலிலுள்ள இடங்களுக்குச் சென்று அழைப்பை வெற்றறிவுறுத்தலாக்கி மீண்டான். பார்வைக்கு நேர்த்தியான ஏற்பாடே.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, லினக்ஸ் 2.6.27இன் சோதனைப் பதிப்புக்களை ஓட்டியோர் சிலருக்கு விந்தையான இழப்பு நேர்ந்தது. இன்ரெல் நிறுவனத்தின் ஒருவகை வலையமைப்பு அட்டைகள் செயலிழந்தன. கணினியை நிறுத்தி மீள இயக்கினாலும், பழைய உட்கருவை ஏற்றினாலும் அவை உயிர்பெறவில்லை. மின்சாரம் நின்றாலும் அழியாத அவற்றின் நினைவகமே சிதைந்திருந்தது. அட்டையின் முகவரியும் அமைப்பு விபரங்களும் அந்நினைவகத்தில் உறைவன. முன்னரே படியெடுத்து வைத்தவர் மீட்டனர். ஏனையோர் பாடு பெரும்பாடாயிற்று. மென்பொருட் பிழை மென்பொருளளவிலே ஒழியும் என நம்பியிருந்தோர்க்கு இஃது அச்சந் தந்தது. வழங்கல் நிறுவனங்கள் தம் சோதனைப் பதிப்புக்களை அவ்வட்டையுள்ள பொறிகளில் ஏற்றற்க என எச்சரித்தன. ஐயம் முதலில் அவ்வட்டையின் இயக்கிமேலே விழுந்தது, அது இயல்பே. இன்ரெலைச் சேர்ந்தோர் அந்நினைவகத்தை எழுதவொண்ணாதவாறு பூட்டினர். காரணம் தெரியுமுன்னரே காப்புச் செய்யப்பட்டது. ஒக்டோபர் 9ஆந் திகதி 2.6.27 வெளிவந்தது.

உண்மைக் காரணம் வலையமைப்பிலே இல்லை. உட்கருவில் ஏற்றப்படும் துணைக்கூறு ஒவ்வொன்றும் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் பயன்படுஞ் சார்புகளை உடையது. பயன் முடிந்ததும் அவை உறைந்த இடம் விடுவிக்கப்படும். அத்தகைய சார்பும் எம்கவுண்டை அழைத்ததாதலின் அதன் முகவரியும் பட்டியலில் ஏறியது. ஏவலன் விழித்துச் செல்லுமுன் அச்சார்பு மறைந்தது. அதன் முகவரி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வேறொருவர் சிலபொழுது வலையமைப்பு அட்டையின் அழியா நினைவகமாயிற்று.

மாணவர் ஈண்டு ஒரு வினா எழுப்பலாம். ஏவலன் எழுதுமுன் அங்கே அழைப்பு இருக்கின்றதா எனப் பார்த்திருத்தல் வேண்டாமா? பார்த்தான் என்பதே வியப்பு. அவன் கையாண்டது ஒப்பிட்டு மாற்றும் அறிவுறுத்தலொன்று. இடத்திலுள்ளது எதிர்பார்த்ததற்கு ஒத்திருப்பின் புதியதை எழுதும், ஒவ்வாதாயின் மாற்றாது. ஆனால், இன்ரெல் பொறிகளிலே அவ்வறிவுறுத்தல், ஒவ்வாதவிடத்தும் எழுதாமல் விடுவதில்லை; வாசித்ததையே திரும்ப எழுதிவிடும். சாதாரண நினைவகத்தில் இதனாற் தீங்கில்லை. கருவியொன்றின் கட்டுப்பாட்டு இடத்திலோ, எழுதுதல் என்பதே ஒரு கட்டளை. மாற்றமாட்டேன் என்று கூறிக்கொண்டே அந்த அறிவுறுத்தல் அட்டையைச் சிதைத்தது. வழுவைக் காணப் பிறந்த கருவி, யாரும் ஐயுறாத வழுவைத் தானே செய்துநின்றது. இதனைக் கருவியாளர்களின் கவலையீனம் எனச் சிலர் கூறுவர். யான் அங்ஙனங் கருதேன். பார்த்துப் பின் எழுதுதல் என்னும் நெறியை அவர்கள் கைக்கொண்டே இருந்தனர்; எழுதப்படும் இடம் நினைவகமே என்னும் ஒரு நம்பிக்கைதான் பொய்த்தது.

ஒக்டோபர் 15ஆந் திகதி வெளிவந்த 2.6.27.1 பதிப்பிலே எவ்றேஸின் இவ்வியங்குமுறைப் பகுதி முடக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் வந்த 2.6.28இல் ஏவலன் இல்லை. அழைப்புக்களின் இடங்களை ஓட்டத்திற் தேடுவதை விடுத்து, உட்கரு தொகுக்கப்படும்போதே அவை அனைத்தையும் பட்டியலிட்டு உட்கருவினுள் வைத்தனர். உட்கரு எழும்போது, ஏனைய முறைவழியாக்கிகள் விழிக்குமுன் எல்லா இடங்களும் வெற்றறிவுறுத்தல்களாயின. துணைக்கூறொன்றின் பகுதி விடுவிக்கப்படும்போது அதற்குரிய பதிவுகளும் பட்டியலினின்று நீக்கப்பட்டன. ஒப்பிட்டு மாற்றும் அறிவுறுத்தலும் கைவிடப்பட்டது. முதலில் வாசிப்பர், எதிர்பார்த்த 5 பைட்டும் இல்லையாயின் எழுதாது, எச்சரிக்கை அச்சிட்டு, எவ்றேஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

பொறி முழுவதையும் கணப்பொழுது நிறுத்தும் வழக்கம் 2012 வரை நீடித்தது. நிறுத்தாது மாற்றுவதில் இடர்ப்பாடு யாதெனின், ஒரு முறைவழியாக்கி 5 பைட்டை மாற்றும்போது இன்னொன்று அவற்றைப் படித்துக்கொண்டிருத்தல் கூடும். ஐந்தெழுத்துச் சொல்லொன்றின் அச்செழுத்துக்களை, தாள் ஓடும்போதே அச்சுக்கோப்பவன் ஒவ்வொன்றாய் மாற்றுவானாயின், இடையே அச்சாகுந் தாளில் பொருளற்ற சொல் விழுமன்றோ? அதற்கு அமைத்த தீர்வு அழகியது. முதற் பைட்டில் மட்டும் நிறுத்தற்குறி அறிவுறுத்தலை இடுவர். அது ஒரே பைட் நீளமுடையது. அங்கு வந்த முறைவழியாக்கி பொறியிற் சிக்கி, அழைப்பைத் தாண்டிச் செல்லுமாறு விடப்படும். அவ்வளவில் எஞ்சிய நான்கையும் மாற்றி, யாவரும் அறிந்தபின், இறுதியாக முதற் பைட்டை எழுதுவர்.

2015ஆம் ஆண்டு ஏப்பிரிலில் வந்த லினக்ஸ் 4.0இலே, இவ்வைந்து பைட்டுக்கும் வேறொரு பணி கிடைத்தது. றெட் ஹற், சூசே ஆகிய நிறுவனங்கள் தனித்தனியே முயன்றவற்றின் பொதுப்பகுதியாய், ஓடும் உட்கருவை நிறுத்தாமலே திருத்தும் முறை அப்பதிப்பிற் சேர்ந்தது. வழுவுடைய சார்பொன்றை யாரேனும் அழைத்தால், அதன் வாயிலிலுள்ள அவ்விடம் வந்தவரைத் திருத்திய சார்புக்கு ஆற்றுப்படுத்திவிடும். பழைய சார்பு நினைவகத்திலே அப்படியே கிடக்கும். அதனுட் புகுவார் இலர்.