பறிமுதலில் பிழைத்த படம்

ஒவ்வொரு நவராத்திரிக்கும் வேளிமலைக் குமாரசுவாமி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளி ஆரியசாலை தேவி கோவிலில்தான் தங்குகிறார். நாஞ்சில் நாட்டுக்கும் தலைநகருக்கும் அப்படியொரு பழைய உறவு. 1933-ல் நாகர்கோவில்காரர் ஒருவரின் சினிமாவும் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தது. மலையாளத்தின் இரண்டாவது படமான 'மார்த்தாண்ட வர்மா' அது. மௌனப் படம்.

எடுத்தவர் ஆர். சுந்தர்ராஜ், ஜே.சி. டேனியலின் உறவினர். மலையாளத்தின் முதல் படமான டேனியலின் 'விகதகுமாரன்' படத்தில் தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்தார். அதைப் பொறுக்காதவர்கள் திரையின் மேல் கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. அந்தக் காயம் ஆறுமுன்பே சுந்தர்ராஜ் துணிந்து முதல் போட்டார். இயக்கியவர் பி.வி. ராவ்.

கதை, சி.வி. ராமன் பிள்ளையின் 1891-ஆம் ஆண்டு நாவல். திருவிதாங்கூர் அரியணை அரசரின் மகனுக்கா, மருமக்கத்தாய முறைப்படி சகோதரி மகனான மருமகனுக்கா என்ற சண்டைதான் அதன் முதுகெலும்பு. எனக்கோ, அந்த வாள்வீச்சைவிட அதில் வரும் பெண்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். அரசரின் மகனான 'தம்பி'யைக் கட்டிக்கொள்ளச் சொல்லித் தாயே வற்புறுத்தியும் பாறுக்குட்டி தன் காதலன் அனந்தபத்மநாபனுக்காகக் காத்திருக்கிறாள். அவன்மேலேயே ஆசை வைக்கிறாள் பட்டாணியப் பெண் சுலைகா. குறுக்கே மதம் நிற்கிறது. சுபத்திரையை அவள் புருஷன் சந்தேகப்பட்டு விட்டுப்போகிறான்; பிறகு முஸ்லிமாகி பீராம்கான் ஆகிறான். இதையெல்லாம் ராமன் பிள்ளை 1891-லேயே எழுதியிருக்கிறார்.

நாவலின் உரிமை கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. சுந்தர்ராஜ் அதை வாங்கியிருக்கவில்லை. வழக்கு வந்தது. கேப்பிட்டல் தியேட்டரில் வெளியான வேகத்திலேயே படம் நின்றுபோய், பிரதி பதிப்பகத்தார் கைக்குப் போனது. சுந்தர்ராஜ் போட்ட பணமும் போயிற்று.

பிறகு ஏறத்தாழ நாற்பது வருஷம் அந்தச் சுருளை யாரும் ஓட்டவில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானம் மறைந்தது. 1956-ல் நாகர்கோவில் தமிழகத்தோடு சேர்ந்தது. 1974-ல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பிரதியை மீட்டு எடுத்தது. ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் வரும் வசன அட்டைகளை இன்றும் அதில் வாசிக்கலாம். சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆராட்டு ஊர்வலமும் அதில் இருக்கிறது.

'விகதகுமாரன்' சுருளோ டேனியலின் வீட்டிலேயே இருந்தது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும். அது எரியும் அழகைப் பார்க்க, விவரம் தெரியாத வயதில் அவருடைய மகனே கொளுத்திவிட்டார். ரோசி நடித்த ஒரு காட்சிகூட மிஞ்சவில்லை.