ஊர்ப்பெயரும் போலிச் சரக்கும்

ஒரு சரக்கின் நற்பெயர் பல தலைமுறையினரின் உழைப்பால் விளைவது; அதனைக் கவர்வதற்கோ ஒரு பொய்ச்சீட்டே போதுமானது. திருவண்ணாமலை ஜில்லாவிலுள்ள ஆரணியின் நெசவே இதற்குத் தக்க சான்றாம்.

இக்காலத்துப் பட்டினாற் பேர்பெற்ற அவ்வூர், 19-ம் நூற்றாண்டில் மஸ்லின் என்னும் நுண்ணிய பருத்தித் துகிலுக்கும் பேர்பெற்றிருந்தது. அந்நூற்றாண்டில் நம் நாட்டுத் துணிகளைப் போன்றவற்றை இயந்திரத்தால் நெய்து இங்கேயே விற்க ஆங்கில ஆலைக்காரர் முற்பட்டனர். 1866-ம் ஆண்டில் பார்பஸ் வாட்ஸன் என்பவர், இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை 18 தொகுதிகளிற் சேர்த்து, அவர்கள் பார்த்தறியுமாறு வழங்கினார். அன்று நெசவாளர்க்குத் துணையாகத் தனிச்சட்டம் யாதும் இருந்ததில்லை.

பின்னர் 1889-ம் ஆண்டில் வியாபாரச் சரக்குக் குறிச் சட்டமும், 1940-ல் வியாபாரச் சின்னச் சட்டமும் பிறந்தன. ஆயினும் சின்னம் என்பது அதற்குரிய வியாபாரிக்கே உடைமையாதலின், ஓர் ஊரார் அனைவர்க்கும் பொதுவாகிய ஊர்ப்பெயர் காப்பின்றியே நின்றது. 1999-ம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் அமுலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டமே அக்குறையை நீக்கிற்று. காஞ்சீபுரம் பட்டும் ஆரணிப் பட்டும் அதன்கீழ்ப் பதிவு பெற்றன. பொய்யாக அப்பெயரை இடுவோர்க்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைவாசமும், 50,000 ரூபாய் முதல் 2 லக்ஷம் வரை அபராதமும் விதிக்கப்படும்.

நிற்க. முத்திரைகள் மூன்றும் ஒன்றல்ல என்பதை அன்பர்கள் உணர்தல் வேண்டும். 2004-ல் தோன்றிய பட்டு முத்திரை, நூல் தூய பட்டென்பதை மட்டுமே கூறும்; 2006-ல் தோன்றிய கைத்தறி முத்திரை, கையால் நெய்ததென்பதைக் கூறும்; புவிசார் குறியீடே ஊரைக் கூறும். விசைத்தறிப் புடைவையும் தூய பட்டாயிருத்தல் கூடும். அதனைக் கைத்தறியென விற்பதே வஞ்சகம். நூலை எரித்துப் பார்க்கின், பட்டு மயிர் கருகும் நாற்றத்தோடு பொடியாகும். செயற்கை நூலோ உருகி மணிபோல் இறுகும். ஆனால் தறியின் வேற்றுமையை நெருப்புக் காட்டாது.

போலிப் புடைவை மலிவாய் விற்கப்படுமாயின் மெய்ப்புடைவையின் கூலியும் குறையும். கூலி குறையின் மைந்தர் தறியை விட்டகல்வர். ஆகலின், பெயர் பதிவாயிற்றென்று வாளாவிருத்தல் தகாது. நெய்வோர் ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற உபயோகிப்போராகத் தம்மைப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். அப்பதிவைப் பத்தாண்டுக்கொருமுறை புதுப்பித்தலும் வேண்டும். கலப்பு நூலைத் தூய பட்டென விற்போர் நம்மவரேயாயினும் அவரை விலக்குதல் நம் கடமையாம். பிறர் செய்யும் போலியைக் கடிதற்குரிய தகுதி, தம் தறியைத் தூய்தாய்க் காப்பார்க்கே உண்டு.