மேடையும் கேமராவும் பாடமாகுமா?

அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்கள் விரும்பி எடுக்கும் பாடங்களில் மேடைப்பேச்சும் உண்டு, டிவி நிகழ்ச்சி தயாரிப்பும் உண்டு. கணக்கு, அறிவியல் போல இவற்றுக்கும் பீரியட், டீச்சர், மார்க் எல்லாம் உண்டு. "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரிக்கத் தோன்றுகிறதா? நம் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சிரிப்போம்.

தமிழில் மேடைப்பேச்சு ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது என்று நினைக்கிறோம். அரங்கேற்றமும் கதாகாலட்சேபமும் பழையவைதான். ஆனால் ஊர் ஜனங்களைக் கூட்டி வைத்து உரைநடையில் பேசும் வழக்கம் பாதிரிமார்களின் பிரசங்கத்தோடு பரவியது. ஆறுமுக நாவலர் அதே முறையை எடுத்துக்கொண்டு, 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மில் தொழிலாளர்களிடம் பேசியபோது அது அரசியல் ஆனது. அடுத்து திராவிட இயக்கம். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் முதலமைச்சர் நாற்காலி வரைக்கும் போனார்கள்!

ஆனால் இந்தக் கலையை அவர்கள் பாட வேளையில் கற்கவில்லை. மன்றங்களிலும் கட்சி மேடைகளிலும் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான்.

நம் கம்பம் பள்ளத்தாக்கையே பாருங்கள். அனுமந்தன்பட்டி இருக்கும் இதே உத்தமபாளையம் தாலுகாவில்தான் பண்ணைப்புரம். அந்த ஊர் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தமிழர்களிடம் அவர் பாடிய பாட்டுகளை இன்றும் சொல்வார்கள். தம்பி இளையராஜா அண்ணனோடு ஊர் ஊராகப் போய்த்தான் மேடையைப் பழகினார். தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா சென்னைக்குப் போய், புட்டண்ணா கனகல் போன்ற இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்று, 1977-ல் '16 வயதினிலே' எடுத்தார்.

பெருமைதான். ஆனால் அண்ணன் பின்னால் போக முடியாதவர்கள், சென்னைக்கு பஸ் ஏற முடியாதவர்கள் என்ன ஆனார்கள்? முக்கியமாகப் பெண்கள்? அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. வேளாண்மை, தட்டச்சு, கணக்குப் பதிவு, செவிலியம் என்று பலவும் இடம் பிடித்தன. சென்னையில் டிவி 1975-லேயே வந்துவிட்டது. ஆனாலும் மேடையும் கேமராவும் தொழிலாகத் தெரியவில்லை போலும்.

2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனாவால் 2020-ல் பள்ளிகள் மூடியபோது, அரசுப் பள்ளி ஆசிரியர்களே கேமரா முன் நின்று பாடம் எடுத்தார்கள். வகுப்பில் வெளுத்துக் கட்டுகிறவர்களுக்கும் கேமராவைப் பார்த்துப் பேசுவது வேறு வித்தை. அதையும் வேலையோடு வேலையாகத்தான் கற்க வேண்டும்.

"இலக்கிய மன்றம் இருக்கிறதே, 2022 முதல் கலைத் திருவிழாவும் நடக்கிறதே" என்று கேட்பீர்கள். நல்ல விஷயங்கள்தான். ஆனால் போட்டி வேறு, பாடம் வேறு. ஏற்கெனவே பேசத் தெரிந்தவரைப் போட்டி கண்டுபிடிக்கும். பேசத் தெரியாதவருக்குப் பாடம்தான் கற்றுத் தரும். மன்றத்தில் வருஷா வருஷம் அதே இரண்டு பேர்தானே மைக் பிடிக்கிறார்கள்? மற்ற நாற்பது பேர் கைதட்டுகிறோம். கணக்கில் மட்டும் இப்படி விட்டால் ஒப்புக்கொள்வோமா?

இந்த நாற்பது பேர்தான் நாளைக்கு கிராம சபையில் எழுந்து, குடிநீர் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியவர்கள். வாய் திறக்கப் பழகாதவர்கள் அங்கேயும் கைதான் தட்டுவார்கள்.

வாரம் ஒரே ஒரு பீரியட் போதும். கேமராவுக்கு ஒரு செல்போன் போதும். எல்லோருக்கும் முறை வர வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வகுப்பில் இதுவரை மைக்கைத் தொடாதவர்கள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.